இறங்கினால் ஏறும் எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
தக்காளி லாரிகளுக்குச் சீட்டுக் கிழிப்பது என் பிழைப்பு.
சாயங்காலம் ஹாக்கி கிளப்புக்குப் பொருளாளர்.
இரண்டும் ஒரே வேலைதான்:
வரம்பைத் தாண்டினால் அபராதம்.

எல்லைக் கோப்பையில் ஏழு அணிகள்.
வருஷச் சம்பளமாக ஓர் அணி
பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் எழுதக் கூடாது.
காசுள்ளவன் எல்லாக் கால்களையும்
விலைக்கு வாங்கிவிடக் கூடாதென்று
பொள்ளாச்சியில், பிரியாணிக்கு முன்னால் போட்ட விதி.

அருளப்பனை ஒன்பது வருஷத்துக்கு எடுத்தோம்.
அவன் கோலில் நின்றால்
கணவாய்க் காற்றுகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும்
என்பார் வேலாண்டி முதலாளி.
மொத்தம் பதினெட்டு லட்சம்.
தந்திரம் என்னுடையது, வேறு யாரையும் சொல்ல முடியாது:
முதல் மூன்று வருஷம் நாலு நாலு,
அப்புறம் இரண்டு வருஷம் இரண்டு இரண்டு,
கடைசி நாலு வருஷம் அரை அரை.
அப்போது அவனுக்கு நாற்பது,
யார் கேட்கப்போகிறார்கள்.
கையில் நாலு கொடுத்தாலும்
கமிட்டிக் கணக்கில் ஏறுவது சராசரி, இரண்டு.
மிச்ச இடத்தில் இரண்டு ஃபார்வர்டு.
இரண்டு கோப்பை.
தோப்பில் ஆட்டுக்கறி, கள்.
முதலாளி என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வருஷம், மழைக்கு முந்திய ஆட்டம்.
பெனால்டி கார்னர்.
பந்தைத் தடுத்துவிட்டான்.
முழங்கால் மட்டும் வேறு பக்கம் போனது.
பச்சை மட்டையை முறிக்கிற சத்தம்
ஸ்கோர் மேசை வரை கேட்டது.

அதே ஜூனில் புது விதி, பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து:
காலம் முடியுமுன் ஒருவன் ஓய்வு பெற்றால்
அவன் வாங்கியதற்கும் கணக்கில் ஏறியதற்கும் உள்ள வித்தியாசம்
மிச்ச வருஷங்களின் வரம்பில் கழிக்கப்படும்.
வாங்கியது பன்னிரண்டு. ஏறியது ஆறு.
வருஷம் ஒரு லட்சம், ஆறு வருஷம்,
களத்தில் இல்லாத ஒருவனுக்கு.

ஆகவே, ஓய்வு மட்டும் பெறாதே என்றோம்.
காயப் பட்டியலில் இரு,
அங்கே இருந்தால் நீ எடையில்லாதவன்.
ஞாயிறுதோறும் பேடு கட்டிக்கொண்டு
பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.
விசில் ஊதியதும் எழுந்துவிடுவான்.
பிறகு நினைவு வந்து உட்காருவான்.
நாலாம் வருஷத்து இரண்டு லட்சத்தில்
கைக்குப் போனது முப்பதாயிரம்.
தேங்காய் விலை இறங்கிவிட்டதாம்.

நேற்று ராத்திரி பதினொன்றரை.
கிணத்துக்கடவுத் தக்காளியோடு மேடையேறிய லாரியில்
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அருளப்பன்.
இடது காலைக் கையால் தூக்கி
கிளட்ச் மேல் வைத்திருந்தான்.
வரம்புக்கு எழுபது கிலோ அதிகம்.
"நான் இறங்கிட்டா?" என்றான்.
இறங்கினான்.
சிவப்பு எண் எண்பது கிலோ சரிந்தது.
லாரி தப்பித்தது.

சட்டைப் பையிலிருந்து ஓய்வுக் கடிதத்தை எடுத்தான்.
இரண்டே வரி, இரண்டு தாளில்,
தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று,
கமிட்டி எதைக் கேட்குமோ என்று.
இந்த மேடையில் இறங்கினால் குறைகிறவன்
என் பேரேட்டில் இறங்கினால் ஏறுகிறான்.
அந்த ஒரு லட்சம் போனால்
கொல்லங்கோட்டு நஜீப் இல்லை.
பதினேழு வயது, பந்தை மட்டையில் ஒட்டவைத்து வீசுகிறவன்.
சித்தூர்க்காரர்கள் அவன் வீட்டு வாசலில்
ஏற்கெனவே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க போட்ட கணக்குதானே அண்ணா,
நீங்களே வெச்சுக்கங்க."

வண்டி எண், சரக்கு, எடை எழுதினேன்.
ஓட்டுநர் பெயரில் பேனா நின்றது.
காயப் பட்டியலில் இருப்பவன்
வேறு வேலை பார்க்கக் கூடாது, அதுவும் விதி.
பின்னால் வெங்காய லாரி ஹார்ன் அடித்தது.
தகப்பன் பெயரோடு முழுசாக எழுதினேன்.
அபராதம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்,
லாரிக்கு.